கோல்லம் படம்: மனசு ஒரு பக்கம் நிற்க மாட்டேன் என்கிறது

கல்லுக்கட்டி

டோல்கீன் எழுதிய லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கதையை வைத்து வருகிற வரிசையில் அடுத்த படம் 'தி ஹண்ட் ஃபார் கோல்லம்'. கைவிட்டுப் போன மந்திர மோதிரத்துக்காக ஏங்கித் திரிகிறவன்தான் கோல்லம். 2027 டிசம்பர் 17 வெளியீடு என்று அறிவித்திருக்கிறார்கள். 2024 மே மாதம் முதலில் சொன்னபோது 2026 என்றார்கள், அப்புறம் தள்ளிப்போனது. கோல்லமாக நடித்த ஆண்டி செர்கிஸே இயக்குகிறார், கோல்லமாகவும் அவரே வருகிறார். பழைய மூன்று படங்களை எழுதி எடுத்த பீட்டர் ஜாக்சன், ஃபிரான் வால்ஷ், ஃபிலிப்பா பாயன்ஸ் மூவரும் தயாரிப்பில் இருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். கல்லூரி விடுதியில் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் பதினைந்து பேர் முண்டியடித்து அந்தப் படங்களைப் பார்த்தவன் நான். சந்தோஷம் வந்தது உண்மை. கூடவே வயிற்றைப் பிசையவும் செய்தது.

ஏன் என்று யோசித்தபோது எனக்கு முனீஸ்வரன் கோயில் தெருதான் ஞாபகம் வந்தது. காரைக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. போன மாதம் அங்கே ஒரு கடை வாசலில் ஒரு ஜோடித் தூண் சாய்த்து வைத்திருந்தார்கள். பர்மா தேக்கு. அடியில் சாக்பீஸால் 7, 8 என்று எண் போட்டிருந்தது. இடுப்புயரத்தில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் மரம் வழவழவென்று கறுத்துப் பளபளத்தது. வளவில் ஓடிப்பிடித்து விளையாடுகிற பிள்ளைகள் பிடித்துச் சுற்றிச் சுற்றித் தேய்ந்த இடம் அது. நானும் எங்கள் வீட்டில் அப்படிச் சுற்றியவன்தான். எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையையும் தூண் தூணாகப் பிரித்து விற்க ஆரம்பித்துவிட்டார்களோ என்பதுதான் என் பயம். 1937இல் வந்த ஒரு சின்னப் புத்தகம் ஹாபிட், அதை 2012, 2013, 2014 என்று மூன்று படமாக இழுத்தார்கள். 2024இல் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் பின்னிணைப்பின் சில பக்கங்களிலிருந்து 'தி வார் ஆஃப் தி ரோஹிரிம்' அனிமே படம். இப்போது கோல்லத்தைத் தேடிய கதை. அது மூலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? யார் எந்த வேடம் என்ற சண்டை மட்டும் இங்கே வேண்டாம். அதற்கு வேறு இழைகள் இருக்கின்றன.

தேவகோட்டை ரஸ்தா

மூலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று நான் சொல்கிறேன். பின்னிணைப்பில் உள்ள ஆண்டுவரிசையில், அந்தக் கதை உலகத்தின் கணக்கில் 3009ஆம் ஆண்டுக்கு நேராக ஒரு குறிப்பு. மந்திரவாதி கேண்டால்ஃபும் வீரன் அரகார்னும் அடுத்த எட்டு ஆண்டுகள் விட்டுவிட்டுத் தேடினார்கள், ஆண்டுயின் பள்ளத்தாக்கு, மிர்க்வுட் காடு, எதிரி ஆளுகிற மோர்டோர் நாட்டின் எல்லை வரை போனார்கள், இடையில் கோல்லம் மோர்டோருக்குள் போய் அகப்பட்டான். இவ்வளவுதான். 3017இல் இன்னொரு குறிப்பு: மோர்டோரிலிருந்து விடப்பட்டான், பிணச் சதுப்பில் அரகார்ன் பிடித்தான், மிர்க்வுட்டில் எல்ஃப் ராஜா த்ராண்டுயிலிடம் ஒப்படைத்தான். மீதியெல்லாம் கேண்டால்ஃப் வாயாலும் அரகார்ன் வாயாலும் கேட்பதுதான்.

தேதி, தூரம், வழி எல்லாம் விரிவாக எழுதிய குறிப்புகள் டோல்கீன் இறந்தபின் 1980இல் வந்த 'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்' தொகுப்பில் இருக்கின்றன. ஆனால் சினிமா உரிமை ஹாபிட்டுக்கும் லார்ட் ஆஃப் தி ரிங்ஸுக்கும்தான். அந்தத் தொகுப்பு டோல்கீன் குடும்பத்தின் கையில். ஆக, வீட்டுக்காரர் எழுதி வைத்த விவரமே இருந்தும் அதைத் தொடாமல், இந்தச் சில வரிகளை வைத்துக்கொண்டு ஒரு முழுப் படத்தை இவர்களாக இட்டு நிரப்ப வேண்டும். எனக்கு இது பிடிக்கவில்லை. நேராகவே சொல்கிறேன்.

ரோஹிரிம் படத்திலும் இதுதான் நடந்தது. அந்தக் கதையின் ராஜா ஹெல்மின் மகளுக்கு மூலத்தில் பெயர்கூட இல்லை. அவளைக் கதாநாயகி ஆக்கினார்கள். அதைத் தப்பென்று நான் சொல்லவில்லை, அவள் வந்த காட்சிகளில் சில எனக்குப் பிடித்தே இருந்தன. ஆனால் படம் முடிந்து வெளியே வந்தபோது, எனக்குத் தெரிந்த உலகத்துக்குள் போய்வந்த மாதிரி இல்லை.

பள்ளத்தூர் ஆச்சி

நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இந்தப் புத்தகத்தை மூன்று முறை வாசித்திருக்கிறேன். நாலாவது முறை இப்போது பேத்திக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன், ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் வீதம்.

போன வாரம் ஸ்மீகல் கதை வந்தது, கோல்லத்தின் பழைய பெயர் அது. பிறந்தநாள் அன்று ஆற்றில் மீன் பிடிக்கப் போகிறார்கள். நண்பன் டீகல் தண்ணீருக்குள் விழுந்து மோதிரத்தோடு மேலே வருகிறான். எனக்குப் பிறந்தநாள், அதைக் கொடு என்கிறான் ஸ்மீகல். கொடுக்கவில்லை, கழுத்தை நெரித்துவிடுகிறான். அதுவரைக்கும் பேத்தி சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தக் குடும்பத்தின் தலைவியாக இருந்த அவனுடைய பாட்டி அவனை வீட்டைவிட்டு விரட்டுகிற இடம் வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஆயா, பாட்டியே வெளியே போன்னு சொல்லிட்டாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப அவன் எங்க போய்ச் சாப்பிடுவான்?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. 478 வருஷம் அவன் கையில் இருந்தது அந்த மோதிரம். அதில் பெரும்பகுதி மலைக்கு அடியில், இருட்டில், பச்சை மீன் தின்றுகொண்டு. உச்சியில் வெயில் சுட்டது என்று சூரியனைப் பார்த்துக் கையை ஓங்கிவிட்டு உள்ளே போனவன். அந்த ஒரு பத்தியை வாசித்துவிட்டு அவனை வெறும் பேய் என்று என்னால் சொல்ல முடியாது.

அதனால் எனக்கு இந்தப் படம் வேண்டும். தூணைப் பிடுங்குகிறார்கள் என்று கல்லுக்கட்டித் தம்பி சொல்வது புரிகிறது. ஆனால் பழைய படங்கள் கோல்லத்துக்கு ஒரு கடன் வைத்திருக்கின்றன. அதைப் பிறகு எழுதுகிறேன், அடுப்பில் வேலை இருக்கிறது.

நாட்டரசன்கோட்டை

சில வரிகளை வைத்து ஒரு படமா என்று ரஸ்தா கேட்கிறார். கம்பன் சமாதி இருக்கிற ஊர்க்காரன் நான், இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

வால்மீகியில் இரணியன் வதை கிடையாது. கம்பன்தான் யுத்த காண்டத்தில் அதை ஒரு தனிப் படலமாக வைத்தான். வீடணன் இராவணன் சபையில் எழுந்து இரணியன் கதையைச் சொல்கிறான். மூலத்தில் இல்லாததைச் சேர்த்தான் என்று இன்றைக்கு யாராவது கம்பனைக் குறை சொல்கிறார்களா? 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கினார். அன்றிலிருந்து பங்குனியில் விழா நடந்து, நிறைவு நாள் எங்கள் ஊரில் நடக்கிறது. சின்ன வயதிலிருந்து போகிறேன். இரணியன் படலத்தைப் பற்றி யாராவது பேச எழுந்தால் பந்தலில் இருமல் சத்தம்கூடக் கேட்காது.

கிளைக்கதை என்பதாலேயே அது கழிவு ஆகிவிடாது. எழுதுகிறவன் கையைப் பொறுத்தது.

தேவகோட்டை ரஸ்தா

ஐயா, நீங்கள் எடுத்த உதாரணத்தையே நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்.

இரணியன் கதையைக் கம்பன் சும்மா சொல்லவில்லை. வீடணன் வாயில் வைத்தான். அழியப்போகிற அண்ணனைப் பார்த்து ஒரு தம்பி சொல்கிற கதை அது. கேட்கிறவன் இராவணன் என்பதால்தான் ஒவ்வொரு பாட்டுக்கும் அத்தனை கனம். கோல்லம் கதையும் அதே மாதிரிதான். கேண்டால்ஃப் அதை, மோதிரம் இப்போது கைக்கு வந்திருக்கிற ஃப்ரோடோவுக்குச் சொல்கிறார். சன்னல் மூடியிருக்கிறது, கணப்பில் தீ எரிகிறது, மோதிரம் அங்கேயே இருக்கிறது. கோல்லத்தின் மோதிரத்தை எடுத்துவந்த பில்போ அவனை அன்றைக்கே கொன்றிருக்கலாமே என்று ஃப்ரோடோ சொல்ல, இரக்கம்தான் பில்போவின் கையைத் தடுத்தது என்கிறார் கேண்டால்ஃப். கேட்கிற ஃப்ரோடோ பின்னால் அதே கோல்லத்தை நேருக்கு நேர் பார்க்கப் போகிறான். அதற்காகச் சொல்லப்படுகிற கதை.

இந்தப் படத்தில் சொல்கிறவர் இல்லை, கேட்கிறவன் இல்லை. சொல்கிற வாயிலிருந்து கதையைப் பிடுங்கி எட்டு வருஷ ஓட்டமாகக் காட்டினால் மிச்சம் என்ன? துரத்தல், சண்டை, தப்பித்தல், மறுபடி துரத்தல்.

நாட்டரசன்கோட்டை

நல்ல கேள்வி. நாளைக்குள் பதில் எழுதுகிறேன். வாயிலிருந்து பிரித்தால் நிற்காது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மெலட்டூர் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரத்தை ராத்திரி முழுக்கப் பார்க்கிறவர்கள் யாரும் வீடணன் எங்கே என்று கேட்பதில்லை.

ஆத்தங்குடி கல்

சென்னையில் படத்தொகுப்பு வேலை பார்க்கிறேன். அண்ணன்மார்கள் கதையைப் பேசுகிறீர்கள், நான் கண்ணுக்குத் தெரிகிறதைப் பேசுகிறேன்.

எங்கள் ஊரில் தரைக்கல் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் அச்சை இறக்கி, வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் கலர் லேசாக ஒன்றுக்குள் ஒன்று இழையும். அதன் மேல் சிமெண்டும் மணலும். அப்புறம் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் கண்ணாடி தானாக விட்டுவிடும். எந்த இரண்டு கல்லும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. அதே பூவை மெஷினில் அடித்த டைல்ஸும் கடையில் கிடைக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, காலை வைத்தால் தெரியும்.

2001இல் வந்த முதல் படத்தின் ஓர்க்குகள், அந்த அரக்கப் படை, கையால் செய்தவை. ஆட்களுக்கு முகமூடி ஒட்டி, பல் வைத்து, சேறு பூசி நடிக்க விட்டார்கள். ஹாபிட்டுக்கு வரும்போது அசோக் என்கிற பெரிய ஓர்க் முழுக்கக் கம்ப்யூட்டரில் வந்துவிட்டான். வினாடிக்கு 48 ஃப்ரேம் வேறு. எனக்கு ஹாபிட் மேல் இருக்கிற வருத்தம் கதை இழுவை மட்டுமில்லை, கால் வைத்தபோது தரை சறுக்கியதுதான்.

ஆனால் கோல்லம் விஷயம் வேறு. அவன் கம்ப்யூட்டரில் பிறந்தவன், இருந்தும் மெஷின் டைல்ஸ் இல்லை. ஏனென்றால் அடியில் ஒரு மனுஷன் இருந்தான். செர்கிஸ் உடம்பின் அசைவைப் பதிவு செய்கிற உடுப்பைப் போட்டுக்கொண்டு பாறையில் தவழ்ந்தார், ஓடைக்குள் இறங்கினார். மூன்றாவது படத்தின் ஆரம்பத்தில் ஸ்மீகலாக அவருடைய சொந்த முகமே வரும். டீகலின் கழுத்தை விட்டபிறகு அந்த முகத்தில் வருகிற மாற்றத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

இயக்குநராக அவர் எப்படி என்பதில் எனக்கு இரண்டு மனசு. ஹாபிட்டில் இரண்டாம் யூனிட்டை நடத்தினார், அதனால் அந்த ஆட்களும் அந்த ஊரும் அவருக்குப் பழக்கம். தனியாக எடுத்த படங்களில் 2017 'ப்ரீத்' அமைதியான படம், 2021 'வெனம்' இரண்டாம் பாகம் ஒரே இரைச்சல். இதில் எந்த செர்கிஸ் வருவார் என்பதுதான் என் கவலை.

இன்னொன்று. 2009இல் ரசிகர்களே சேர்ந்து இதே கதையை, இதே தலைப்பில், சுமார் 40 நிமிடப் படமாக எடுத்து இணையத்தில் இலவசமாக விட்டார்கள். கையில் இருந்த சொற்பக் காசில் எடுத்தது. 2024 அறிவிப்பு வந்த சமயம் அது யூடியூபிலிருந்து எடுக்கப்பட்டு, ரசிகர்கள் கோபப்பட்டபிறகு திரும்ப வந்தது. பாருங்கள். சதுப்புநிலக் காட்சி மனசில் நிற்கும்.

கல்லுக்கட்டி

தம்பி, நல்ல விவரம். கதைத் தொடர்ச்சியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் படத்தில் கேண்டால்ஃப் ஃப்ரோடோவிடம் கோல்லத்தை எங்கெங்கோ தேடினேன், எதிரி முந்திக்கொண்டான் என்று சொல்வார். மோரியா சுரங்கத்தில் கோல்லம் பின்தொடர்வது தெரிந்ததும், அவன் எதிரியின் கோட்டையான பராத்-தூர் சிறையிலிருந்து தப்பினான், இல்லை விடப்பட்டான் என்று பேசிக்கொள்வார்கள். அரகார்ன் பிடித்தது, எல்ஃப்கள் சிறை வைத்தது, இது எதுவும் அந்தப் பேச்சில் இல்லை. அரகார்ன் பக்கத்திலேயே இருந்தும் அவனும் எதுவும் சொல்வதில்லை. இப்போது புதுப் படம் வந்து, அரகார்ன் கையில் கோல்லம் இருந்தான் என்று காட்டினால் பழைய படத்தின் அந்த வசனங்கள் என்ன ஆகும்?

ஆத்தங்குடி கல்

நேரடி முரண் இல்லை அண்ணே. எதிரி முந்தினான், பிறகு விட்டான், அதற்கப்புறம் அரகார்ன் பிடித்தான் என்று வைத்தால் பொருந்தும். புத்தகத்திலும் வரிசை அதுதானே. ஆனால் மோரியாவில் அரகார்ன் ஏன் வாயே திறக்கவில்லை என்பதற்கு இந்தப் படம்தான் பதில் சொல்ல வேண்டும்.

கண்டனூர் 05

எல்லோரும் பெரியவர்கள் பேசுகிறீர்கள், நான் ஒன்று சொல்லலாமா. 2001இல் நான் பிறக்கவே இல்லை. மூன்று படத்தையும் போனில்தான் பார்த்தேன். கல்லூரிக்கு பஸ்ஸில் போகும்போது, வரும்போது, துண்டு துண்டாக. மினாஸ் திரித் போர் நடக்கும்போது கண்டக்டர் டிக்கெட் கேட்டார். நீங்கள் எல்லாம் அது வந்த காலத்தில் வாழ்ந்தவர்கள். எனக்கு அந்த உலகத்தைப் பெரிய திரையில், தெரியாத ஆட்களோடு இருட்டில் உட்கார்ந்து, முதல் நாள் பார்க்கிற வாய்ப்பு இதுதான் வந்திருக்கிறது. அதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? மதுரைக்குப் போக இப்போதே மூன்று பேர் தயார்.

கல்லுக்கட்டி

தம்பி, இதை நான் யோசிக்கவே இல்லை. எழுதினதற்கு நன்றி.

நேற்று ராத்திரி இன்னொன்றும் தோன்றியது. எங்கள் வீடு வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். பங்காளிகள் எட்டுப் புள்ளி, அதாவது எட்டுக் குடும்பம், எட்டு இடத்தில் இருக்கிறோம். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு மட்டும் எல்லோரும் வந்து, வெளவால் எச்சத்தைக் கழுவி, இரட்டை வீடு என்கிற அறைகளின் கதவை ஒவ்வொன்றாகத் திறப்போம். அன்றைக்கு அதே தூணை என் அண்ணன் பேரன் பிடித்துச் சுற்றுவான். அதைப் பார்த்து யாரும் வீட்டைக் கெடுக்கிறான் என்று சொல்ல மாட்டோம். ஜாக்சன், வால்ஷ், பாயன்ஸ், செர்கிஸ் நாலு பேரும் அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள்தான். விற்க வந்தார்களா, திறக்க வந்தார்களா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் முதல் பதிவில் நான் தூணை மட்டும் பார்த்துவிட்டேன், சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

தேவகோட்டை ரஸ்தா

சாவி அவர்கள் கையில் இல்லை என்பதுதான் என் வருத்தம். ஹாபிட், லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் சினிமா உரிமைகளை வைத்திருக்கிற கம்பெனியை 2022இல் எம்ப்ரேசர் என்கிற ஸ்வீடன் விளையாட்டு நிறுவனம் வாங்கியது. படம் எடுப்பது வார்னர். ஜாக்சன் அங்கே அழைக்கப்பட்ட ஆள். அவர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை.

நாட்டரசன்கோட்டை

சொன்னபடி பதில். ரஸ்தா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். கேட்கிறவன் இல்லாமல் கிளைக்கதை நிற்காது. அப்படியானால் இந்தப் படத்தில் கேட்கிறவன் யார்? என் கணக்கில் அரகார்ன்.

எல்ஃப்களின் ஊரான ரிவெண்டெல்லில் கூடிய சபையில் அவன் சொல்வதைத் திரும்பப் படியுங்கள். தேடி அலுத்துத் திரும்புகிற வழியில், அந்தி நேரத்தில், தேங்கின குட்டை ஓரம் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான் கோல்லம். உடம்பெல்லாம் பச்சைப் பாசி. பிடித்தபோது கடித்தான். அரகார்னும் மென்மையாக நடந்துகொள்ளவில்லை. வாயைக் கட்டி, கழுத்தில் கயிறு போட்டு முன்னால் நடக்கவிட்டு, பசியும் தாகமுமாக மிர்க்வுட் வரை ஓட்டிக்கொண்டு போனான். தன் பயணத்திலேயே மோசமான பகுதி அந்தத் திரும்பி வந்த வழிதான் என்கிறான். பின்னால் ராஜாவாகப் போகிறவன், குணமாக்கும் கை உள்ளவன், ஒரு உயிரைக் கழுத்தில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறான். அந்த வழிநடையில் அவனுக்குள் என்ன நடந்தது என்று டோல்கீன் எழுதவில்லை. எழுதாமல் விட்டது அந்த இடம்தான். இரண்டு பேர், ஒரு கயிறு, நீண்ட வழி. துரத்தலைக் குறைத்து இதைப் படமாக எடுத்தால் நானே மதுரைக்கு வருகிறேன். மோரியாவில் அரகார்ன் வாய் திறக்காததற்கும் காரணம் கிடைத்துவிடும்.

தேவகோட்டை ரஸ்தா

ஐயா, இப்படி ஒரு படம் வந்தால் நான் பார்ப்பேன். அவர்கள் இதை எடுப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் பார்ப்பேன்.

பள்ளத்தூர் ஆச்சி

கடன் என்று சொன்னேனே, அது இதுதான். மோர்டோருக்குள் போகிற கிரித் உங்கோல் படிக்கட்டில் ஃப்ரோடோவும் அவன் துணைவன் சாமும் அசந்து தூங்குகிறார்கள். வழிகாட்டியாக வந்த கோல்லம் திரும்பி வந்து பார்க்கிறான். அந்த நேரத்தில் அவன் முகத்தில் இருந்த பசி எல்லாம் வடிந்து, களைத்துப்போன ஒரு கிழவன் மாதிரி ஆகிறான். நடுங்குகிற கையை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். மெதுவாக, தடவிக்கொடுக்கிற மாதிரி. சாம் விழித்துக்கொண்டு, என்ன திருட்டுத்தனம் பண்ணுகிறாய் என்று அதட்டுகிறான். அவ்வளவுதான், அந்தக் கிழவன் போய்விட்டான். அப்புறம் அவன் திரும்பவில்லை.

படத்தில் அந்த இடம் இல்லை. அதற்குப் பதிலாக ரொட்டியைப் பள்ளத்தில் போட்டுவிட்டுச் சாம் மேல் பழி போடுகிற காட்சியை வைத்தார்கள். எனக்கு அது இத்தனை வருஷமாக ஆறவில்லை.

புதுப் படத்தில் அந்தக் காட்சி வர முடியாது, அது பின்னால் நடப்பது. ஆனால் மிர்க்வுட்டில் ஒன்று இருக்கிறது. எல்ஃப்கள் அவனை எப்போதும் நிலவறையிலேயே வைத்திருக்க மனசில்லாமல், நல்ல நாளில் காட்டுக்குள் கூட்டிப்போய் ஒரு தனி மரத்தில் ஏற விடுவார்கள். உச்சிக்குப் போய்க் காற்றுப்படுகிற வரைக்கும் ஏறுவான். கீழே காவல் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் இறங்க மாட்டேன் என்றுவிட்டான், அன்றிரவு ஓர்க்குகள் வந்தன, தப்பிவிட்டான். எல்ஃப் லெகோலஸ் இதைச் சபையில் வருத்தத்தோடு சொல்வான்.

அந்த மரத்தை அவர்கள் காட்ட வேண்டும். தப்பிக்கிற ராத்திரிக்கு முன்னால், ஒரு சாதாரண நாளில், அவன் உச்சிக்கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கிறதை. பேத்தியிடம் இன்னும் அந்த இடம் வரை சொல்லவில்லை. எங்கே சாப்பிடுவான் என்று கேட்டவளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ரிவெண்டெல் சபை அத்தியாயத்தைச் சத்தமாக வாசிப்போம், பேத்தியும் இருப்பாள். ரஸ்தாத் தம்பி பின்னிணைப்பு உள்ள பிரதியைக் கொண்டுவரட்டும், என்னிடம் உள்ளதில் கடைசிப் பக்கங்கள் கரையான் அரித்துவிட்டது. கும்மாயம் கிண்டி வைக்கிறேன்.

கண்டனூர் 05

ஆச்சி, வருகிறேன். நான் புத்தகம் இதுவரை படித்ததில்லை, பரவாயில்லையா?

பள்ளத்தூர் ஆச்சி

பேத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்.